சிவப்பு ஒயினின் இரகசியத்தைத் தேடிய லூயி பாஸ்டர்

பால் பதப்படுத்தலுடனும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியுடனும் உலகம் நினைவுகூரும் லூயி பாஸ்டர், பிரான்ஸின் ஒயின் தொழிலைக் காக்கவும் பல ஆண்டுகள் உழைத்தவர்.

1822 டிசம்பர் 27ஆம் திகதி டோல் நகரில் பிறந்த அவர், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஆர்புவாவில் வளர்ந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. மிருகத் தோலைப் பதப்படுத்தும் மரப்பட்டையிலுள்ள டானின் வகைப் பொருட்களே சிவப்பு ஒயினுக்கும் துவர்ப்பைத் தருகின்றன.

பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாறு நிறமற்றது. நிறம் தோலில் இருக்கிறது. டானின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. ஆகவே சிவப்பு ஒயினுக்குச் சாறு தோலுடனேயே நொதிக்க விடப்படுகிறது. நீரில் கரையும் நிறமி முதலில் இறங்குகிறது. மதுசாரம் கூடக்கூட விதையின் டானினும் வெளிவருகிறது. இம்மாற்றத்தை நடத்தும் நொதித்தல் வெறும் இரசாயனச் சிதைவு என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் போன்றோர் கருதினர். அது நுண்ணுயிர்களின் செயலே என்று 1857 முதல் பாஸ்டர் நிறுவி வந்தார்.

1860இல் பிரிட்டனுடன் ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கை பிரெஞ்சு ஒயினுக்குப் பெரும் சந்தையைத் திறந்தது. ஆனால் ஒயின் புளித்தும் கசந்தும் கெட்டுப்போவது வணிகத்தையே அச்சுறுத்தியது. 1863இல் மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரின் உதவியை நாடினார். ஆர்புவாவில் ஆய்வு நடத்திய பாஸ்டர், வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் எனக் கண்டார். சுமார் 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சிறிது நேரம் சூடாக்கினால் அவை அழியும் என்றும் காட்டினார். சுவை கெடும் என்று ஐயுற்றவர்களுக்கு, சூடாக்கிய ஒயினையும் சூடாக்காததையும் ஒப்பிட்டுச் சுவைக்கும் சோதனைகளால் பதிலளித்தார். ஆய்வு முடிவுகள் 1866இல் நூலாக வெளிவந்தன.

மூடிய கண்ணாடிக் குழாய்களில் நடத்திய பரிசோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. காற்றுப் பட்ட ஒயின் நிறம் மாறி அடியில் வண்டல் படிந்தது. காற்றுப் படாதது பெரிதும் மாறவில்லை. மெதுவாகச் சேரும் ஆக்ஸிஜனே ஒயினை முதிர்விக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். நிறமியும் டானினும் ஒன்றோடொன்று பிணைவதில் ஆக்ஸிஜனுக்குள்ள பங்கைப் பிற்கால வேதியியல் விளக்கியது.

1868இல் பக்கவாதம் அவரது இடப்பக்கத்தைத் தாக்கியது. ஆயினும் ஆய்வு நிற்கவில்லை. 1885இல் வெறிநாய்க்கடிச் சிகிச்சையில் வெற்றி கண்ட அவர், 1895 செப்டம்பர் 28ஆம் திகதி காலமானார். 1907இல் தமிழகத்தின் குன்னூரில் அவர் பெயரில் ஒரு நிறுவனமும் எழுந்தது.

இன்று உயர்தரச் சிவப்பு ஒயின்கள் பொதுவாகச் சூடாக்கப்படுவதில்லை. அம்முறை பாலுக்கே அதிகம் பயன்படுகிறது. எனினும் நுண்ணுயிரையும் காற்றையும் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்ற அவரது பாடத்தை எந்த ஒயின் தயாரிப்பாளரும் கைவிடவில்லை. அரசின் வருவாய்க் கவலையிலிருந்து தொடங்கிய ஓர் ஆய்வு, பல கோடி மக்களின் அன்றாடப் பாலைப் பாதுகாப்பானதாக்கியது.