தாசில்தாரின் துப்பாக்கி

1875இல் நைனிதாலில் பிறந்த ஜிம் கார்பெட் இளமையில் வேட்டை பயின்றது, குழல் பிளந்து பித்தளைக் கம்பியால் கட்டப்பட்ட பழந்துப்பாக்கி ஒன்றில்தான். எனினும் 1907இல் குமாவோன் மலைநாட்டுச் சம்பாவத்தில் நேர்ந்தது வேறு. 436 பேரைக் கொன்ற பெண்புலியைத் தேடிச் சென்றவர் தம் ரைபிளுக்குக் கொண்டுபோன தோட்டாக்கள் மூன்றே, மூன்றும் தீர்ந்தன. காயமுற்ற புலி எதிரே நிற்க, சரிவில் நின்ற தாசில்தாரிடம் ஓடி அவர் துப்பாக்கியை வாங்கி வந்தார். புலியை நெருங்கிய பிறகே கண்டார்: குழல்கள் அடிப்பகுதியோடு பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்தன! சுட்டால் பின்புறமாக வெடித்துக் கண்ணைப் பறிக்கலாம். வேறு வழியில்லை. 20 அடித் தொலைவில் திறந்த வாய்க்குக் குறிவைத்தார். குண்டு வலது பாதத்தில் பட்டது. முன்னைய காயங்களாலேயே புலி சாய்ந்தது. வேட்டைக்காரர் எளிதில் ஒப்பாத இத்தவற்றை 1944இல் வெளிவந்த நூலில் அவரே எழுதிவைத்தார். பின்னாளில் கேமராவை விரும்பி ஏந்திய அவர், 1955இல் கென்யாவில் மறைந்தார்.