சார்க்கோ கண்ட நோய்

எங்கள் பெருங்கடவிளையில் அடுத்த வீட்டு அக்காள் கால் மரத்துத் தள்ளாடினார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். இனி நோய் எப்படிப் போகும் என்று மருத்துவம் பயிலும் என்னிடம் கேட்டார். விடை சொல்ல நாவெழவில்லை. அந்த நாணமே என்னைச் சார்க்கோவின் வரலாற்றைப் படிக்கச் செய்தது.

ழான் மார்ட்டின் சார்க்கோ 1825இல் பாரிசில் வண்டி கட்டுபவரின் மகனாகப் பிறந்தார். 1862இல் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த அவ்விடத்தை அவர் கல்விக்கூடமாக்கினார். உயிரோடிருக்கையில் நோயாளியை உற்று நோக்குவார். இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் ஆராய்வார். கண் துடிப்பு, கை நடுக்கம், இழுத்திழுத்துப் பேசுதல் ஆகிய குறிகளை நரம்பில் படிந்த மரப்புத் திட்டுகளோடு இணைத்து, 1868இல் இதனைத் தனி நோயென நிறுவினார்.

ஆயினும் நோயின் போக்கை முன்னறிய அவருக்கு வழியில்லை. 1891இல் ஜெர்மானியர் குவின்கே, இடுப்பில் ஊசியிட்டு முதுகுத்தண்டு நீரை எடுத்தார். 1893இல் சார்க்கோ மறைந்தார்.

இன்று அந்நீரே சான்று பகர்கிறது. ஒலிகோகுளோனல் பட்டைகள் தென்பட்டால் நோய் மீண்டும் தாக்கும் வாய்ப்பு மிகுதி. நியூரோபிலமென்ட் புரதம் உயர்ந்தால் நரம்பிழைகள் சிதைகின்றன என்று பொருள். ஆனால் தனி ஒருவரின் நாளையை உறுதியாகச் சொல்ல இவையும் போதா.

நண்பர்களே! அக்காளிடம் இவ்வளவையும் ஒளிக்காமல் சொன்னேன். பொய்யான உறுதியைவிட அது அவருக்கு ஆறுதலாயிற்று. சார்க்கோ தொடங்கிய பணியில் மிச்சத்தை முடிப்பது நம் தலைமுறையின் கடன்.