'அலர்ஜி' என்று பெயர் வைத்த குழந்தை மருத்துவர்: யார் இந்த பிர்கே?

'அலர்ஜி' என்ற சொல் 1906-க்கு முன்பு எந்த மொழியிலும் கிடையாது. நண்டு சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். மகரந்தம் காற்றில் பறக்கும் மாதங்களில் தும்மித் தீர்த்தவர்களும் இருந்தார்கள். இதெல்லாம் ஒரே குடும்பத்துப் பிரச்சினை என்று பார்த்து, அதற்குப் பெயரும் வைத்தவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே.

1874 மே 12 அன்று வியன்னாவை ஒட்டிய ஹிர்ஷ்டெட்டனில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் படித்தது மருத்துவம் இல்லை. இன்ஸ்ப்ரூக்கில் இறையியல், பெல்ஜியத்தின் லூவனில் தத்துவம் என்று சுற்றிவிட்டுத்தான் மருத்துவத்துக்கு வந்தார். 1900-ல் கிராஸ் நகரில் பட்டம் வாங்கினார். பிறகு வியன்னாவின் செயின்ட் அன்னா குழந்தைகள் மருத்துவமனையில் தியோடர் எஷரிக்கிடம் சேர்ந்தார். இ.கோலி பாக்டீரியாவின் பெயரில் இருக்கும் அந்த 'இ', இந்த எஷரிக்தான்.

அது டிப்தீரியா குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற காலம். அப்போது கையில் இருந்த பெரிய ஆயுதம் குதிரை சீரம். குதிரைக்கு டிப்தீரியா நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவானதும், சீரத்தைப் பிரித்தெடுத்துக் குழந்தைக்கு ஊசியாகப் போடுவார்கள். பல குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி எல்லாம் வந்தன. அதே குழந்தைக்குப் பின்னொரு நாள் மறுபடியும் சீரம் போட்டால், பத்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சில மணி நேரத்திலேயே, சில சமயம் உடனேயே, தடிப்பு வந்துவிடும்.

குதிரை சீரத்தில் ஏதோ கெடுதல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பிர்கே அங்கே நிற்கவில்லை. சீரம் அதேதான், குழந்தையும் அதேதான். அப்படியென்றால் இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் மாறியது எது? குழந்தையின் உடம்புதான் என்றார் அவர். முதல் சந்திப்பை உடம்பு நினைவில் வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. நோயிலிருந்து காப்பாற்றும் எதிர்ப்புப் பொருளே நோயையும் உண்டாக்கலாம் என்பது அன்றைய மருத்துவர்களுக்கு ஜீரணிக்க முடியாத கருத்து. 1903-ல் தன் யோசனையை எழுதி, உறையில் இட்டு, முத்திரை வைத்து வியன்னா அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். வேறு யாரும் முந்திவிடக் கூடாதே! 1905-ல் ஹங்கேரியில் பிறந்த சக மருத்துவர் பேலா ஷிக்குடன் சேர்ந்து சீரம் நோய் பற்றிப் புத்தகமே எழுதினார்.

அடுத்த ஆண்டு அந்தச் சொல் வந்தது. கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். பிர்கேயின் கணக்கில் அலர்ஜி என்பது கெட்ட விளைவு மட்டுமல்ல. தடுப்பூசிக்குப் பிறகு கிடைக்கும் பாதுகாப்பும் அலர்ஜிதான், தேனீ கொட்டியதும் ஸ்ட்ராபெரி சாப்பிட்டதும் வரும் தடிப்பும் அலர்ஜிதான். இரண்டிலும் உடம்பின் பதில் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பிற்பாடு உலகம் கெட்ட பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. தமிழில் நாம் சொல்லும் 'ஒவ்வாமை'யும் அந்தப் பாதியைத்தான் சொல்கிறது.

1907-ல் காசநோய்க் கிருமியை உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறதா என்று தோலில் பார்க்கும் பரிசோதனையைக் கொண்டுவந்தார். அதுவும் அதே உடம்பின் நினைவுதான். பிறகு அமெரிக்காவில் பால்டிமோர், ஜெர்மனியில் பிரெஸ்லாவ். 1911-ல் எஷரிக் இறந்ததும் அவர் இடத்துக்கு வியன்னா திரும்பினார்.

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னாக் குழந்தைகள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அமெரிக்க நிவாரண அமைப்பு உணவு அனுப்பியது. யாருக்கு எவ்வளவு கொடுப்பது? ஒரு கிராம் பாலின் சத்தை ஓர் அலகாக வைத்து, எல்லா உணவையும் அதில் அளந்தார் பிர்கே. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு உயரம் என்று அளந்து, அதற்கேற்பப் பங்கு முடிவானது. லட்சக்கணக்கான குழந்தைகள் சாப்பிட்டார்கள். இதில் ஒரு முரண்: குழந்தைகளுக்கு அதிகம் அலர்ஜி தரும் உணவுகளில் பாலும் ஒன்று.

நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. இதே துறைக்காக 1913-ல் பிரான்ஸின் சார்ல் ரிஷே பெற்றார். 1929 பிப்ரவரி 28 அன்று பிர்கேயும் மனைவி மரியாவும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 54.

அவர் விட்டுப்போன கேள்வி பெரியது. ஒரே உணவைச் சந்திக்கும் இரண்டு குழந்தைகளில் ஒருவருக்கு மட்டும் ஏன் அலர்ஜி? அவர் உயிரோடு இருந்தபோதே, 1916-ல், அலர்ஜி குடும்பங்களில் வழிவழியாக வருவதை அமெரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள். 2000-ல் வேர்க்கடலை அலர்ஜி உள்ள இரட்டையர்களை ஆராய்ந்தபோது, ஒரே கருவில் உருவான ஜோடிகளில் சுமார் 64 சதவீதத்தில் இருவருக்குமே அலர்ஜி. வெவ்வேறு கருவில் உருவானவர்களிடம் சுமார் 7 சதவீதம்தான். ஆக ஜீனுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஜீன் மட்டும்தான் என்றால், முதல் எண் 100 ஆக இருந்திருக்க வேண்டுமே?

மீதி எங்கே இருக்கிறது என்பதற்கான தடயம் 2008-ல் கிடைத்தது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு, இஸ்ரேலில் உள்ள யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாக வேர்க்கடலை அலர்ஜி இருந்தது. வம்சம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இஸ்ரேல் குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்பே 'பம்பா' என்ற கடலை நொறுக்குத்தீனியைச் சப்பத் தொடங்கிவிடுகிறார்கள். பிரிட்டனிலோ அப்போது அந்த வயதில் கடலையைக் கண்ணிலேயே காட்டாமல் இருந்தார்கள். அமெரிக்காவிலும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கடலை வேண்டாம் என்று 2000 முதல் 2008 வரை அறிவுரை இருந்தது.

தோல் வழியும் முக்கியம். ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் ஜீனில் கோளாறு இருந்தால் தோலின் அரண் பலவீனமாகி, எக்ஸிமா வர வாய்ப்பு கூடுகிறது. வீட்டுத் தூசியில் இருக்கும் கடலைத் துகள் வாய்க்கு முன்பே தோல் வழியாக உள்ளே போனால், உடம்பு அதை எதிரியாகப் பதிவுசெய்துவிடுகிறது என்கிறது இன்றைய விளக்கம். அதே கடலை முதலில் வயிற்றுக்குப் போனால் பழகிக்கொள்கிறது.

2015-ல் வெளியான லண்டன் ஆய்வில் கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகள் இருந்தார்கள். ஒரு வயதுக்கு முன்பே தொடங்கித் தொடர்ந்து கடலை சாப்பிட வைத்தவர்களில், ஐந்து வயதில் 3.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி. தவிர்க்கச் சொன்ன குழுவில் 17.2 சதவீதம். ஏற்கெனவே எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே இதை முயன்று பார்க்க வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலை எந்தச் சின்னக் குழந்தைக்கும் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அரைத்த விழுதோ, நைஸாகப் பொடித்ததைக் கஞ்சியில் கலந்தோதான் கொடுக்க வேண்டும்.