கடல் கடந்து கற்ற வேதியியல்

இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் ராருலி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிரபுல்ல சந்திர ராய் பிறந்தார். தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். நூல்களைப் பெரிதும் விரும்பியவர். பிள்ளைகளின் கல்விக்காக அவர் கல்கத்தாவில் குடியேறினார். அங்கே பிரபுல்லரைக் கடும் வயிற்றுக்கடுப்பு வாட்டியது. பள்ளியை விட்டு நின்றார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தந்தையின் நூலகமே அவருக்குப் பள்ளியாயிற்று.

பின்னர் மெட்ரோபாலிடன் கல்லூரியில் பயின்றார். வேதியியல் பாடத்திற்குப் பிரசிடென்சி கல்லூரிக்குச் சென்றார். அங்குப் பேராசிரியர் பெட்லர் செய்துகாட்டிய சோதனைகள் அவரைக் கவர்ந்தன. நண்பரின் அறையில் தாமும் சோதனை செய்தார். மெல்லிய தகரத்தால் அவர் செய்த ஊதுகுழல் ஒருமுறை வெடித்தது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை.

அதற்குள் குடும்பச் சொத்து கடனில் கரைந்துகொண்டிருந்தது. மகனை மேலைநாட்டிற்கு அனுப்பத் தந்தையிடம் பொருளில்லை. எஞ்சியிருந்த ஒரே வழி கில்கிறிஸ்ட் உதவித்தொகை. தேர்வில் வெல்லும் இந்திய மாணவர் பிரித்தானியாவில் கற்க அது துணைநின்றது. அத்தேர்வுக்குக் குறைந்தது நான்கு மொழிகள் தெரிந்திருக்க வேண்டும். லத்தீன், பிரெஞ்சு, சமஸ்கிருதம் ஆகியவற்றைப் பிரபுல்லர் முன்னரே கற்றிருந்தார். ஆரவாரமின்றி ஆயத்தமானார். செய்தி கசிந்தபோது உடன்பயின்ற ஒருவர் ஏளனம் செய்தார். முடிவு வெளியானது: அவ்வாண்டு வென்றவர் இருவர். ஒருவர் பம்பாய் மாணவர், மற்றவர் பிரபுல்லர்.

1882இல் கப்பலேறி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு அலெக்சாண்டர் கிரம் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் வேதியியல் கற்றார். 1885இல் பல்கலைக்கழகம் ஒரு கட்டுரைப் போட்டி நடத்தியது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலையே தலைப்பு. ஆங்கில ஆட்சியின் குறைகளை மறைக்காமல் எழுதினார். பரிசு கிட்டவில்லை. எனினும் அக்கட்டுரையை அச்சிட்டு மாணவரிடையே வழங்கினார். உதவித்தொகையை நம்பி அயல்நாட்டில் வாழும் மாணவருக்கு இது எளிய செயலன்று.

1887இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். ஹோப் பரிசும் கிடைத்ததால் மேலும் ஓராண்டு அங்கே ஆய்வு செய்ய முடிந்தது.

1888இல் தாயகம் திரும்பினார். கல்வித் துறையின் உயர்பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாய் இருந்தன. ஏறக்குறைய ஓராண்டு வேலையின்றிக் காத்திருந்தார். 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் உதவிப் பேராசிரியரானார். மாத ஊதியம் 250 ரூபாய். அங்குதான் மெர்குரஸ் நைட்ரைட் என்னும் சேர்மத்தை உருவாக்கி, 1896இல் உலகிற்கு அறிவித்தார்.

1916 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பணியாற்றினார். 1921இல் அவருக்கு வயது 60. அன்றுமுதல் தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கும் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்கும் அளித்துவிட்டார். 1936இல் ஓய்வு பெறும்வரை இது தொடர்ந்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர், கல்லூரியிலேயே ஓர் எளிய அறையில் வாழ்ந்தார். 1944 ஜூன் 16 அன்று காலமானார்.