எலும்புகளைப் படித்தவர்

புனே நகரின் ஏரவாடாப் பகுதியில் டெக்கான் கல்லூரி அமைந்துள்ளது. நிக்டியில் வாழ்வோர் நகரின் மறுமுனைக்குச் சென்றால் அதன் பழைய கற்கட்டடத்தைக் காணலாம். அங்கே நீண்ட காலம் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே.

அவர் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பர்மாவில் பிறந்தார். பிழைப்பின் பொருட்டு மராட்டிய மண்ணைவிட்டு அங்குச் சென்ற குடும்பம் அது. பர்மாவின் பேராறான ஐராவதியின் பெயரையே பெற்றோர் மகளுக்குச் சூட்டினர். ஏழு வயதில் அவர் படிப்பதற்காகப் புனேவுக்கு அனுப்பப்பட்டார். பெர்குசன் கல்லூரியில் பட்டம் பெற்றார். வேதியியல் ஆசிரியர் தினகர் கார்வேயை மணந்தார். 1928இல் கடன் பெற்றுக் கப்பலேறி ஜெர்மனியின் பெர்லின் நகரை அடைந்தார்.

அங்கு அவருடைய ஆசிரியராக வாய்த்தவர் ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ஆய்கன் பிஷர். ஐரோப்பியரின் மண்டையோடு வலமும் இடமும் ஒத்திராது. மூளையின் வலப்புற முன்பகுதி அவர்களுக்குப் பெரிதாக இருப்பதே காரணம். ஆகவே அவர்கள் பிற இனத்தவரைவிட அறிவில் உயர்ந்தவர்கள் என்பது அவர் கொள்கை. அதனை மெய்ப்பிக்கும் பணி ஐராவதியிடம் ஒப்படைக்கப்பட்டது.

மண்டையோடு பார்வைக்கு ஒரே கிண்ணம்போல் தோன்றும். உண்மையில் அது 22 எலும்புகளால் ஆனது. எட்டு எலும்புகள் மூளையைச் சூழ்ந்து காக்கின்றன. பதினான்கு எலும்புகள் முகத்துக்கு வடிவம் தருகின்றன. அவற்றுள் அசையக்கூடியது கீழ்த்தாடை ஒன்றே. ஏனையவை வாளின் பற்கள்போல் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். பச்சிளங் குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தவர்கள் அந்த இடம் மென்மையாக இருப்பதை அறிவர். மூளை வளர இடம் வேண்டும் என்பதால் அந்த எலும்புகள் பிறப்பிலேயே இணைந்துவிடுவதில்லை. பிறக்கும்போது ஏறத்தாழ 300ஆக உள்ள எலும்புகளும் குருத்தெலும்புத் துண்டுகளும் வளர வளர இணைந்து 206 எலும்புகளாகின்றன.

ஐராவதி 149 மண்டையோடுகளை அளந்தார். ஐரோப்பியருடையவையும், முன்னர் ஜெர்மனி ஆண்ட ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. வலப்பக்கம், இடப்பக்கம் எனத் தனித்தனியே அளந்து ஒப்பிட்டார். சமனின்மை இருக்கத்தான் செய்தது. ஆனால் அது எல்லா இனத்தவரிடமும் காணப்பட்டது. இனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதே கணக்கு காட்டிய முடிவு.

அயல்நாட்டு மாணவி, கடன் வாங்கிப் படிப்பவர், பட்டம் தரவேண்டியவரோ அதே ஆசிரியர். அளவுகளைச் சற்றே வளைத்திருந்தால் நற்பெயர் எளிதில் கிடைத்திருக்கும். அவர் கண்டதைக் கண்டவாறே எழுதினார். பிஷர் குறைந்த தரமே வழங்கினார். எனினும் முனைவர் பட்டம் கிடைத்தது. பிற்காலத்தில் பிஷர் நாஜிகளின் இனவெறிக் கொள்கைக்குத் துணைநின்றார்.

தாயகம் திரும்பிய ஐராவதி 1939இல் டெக்கான் கல்லூரியில் சேர்ந்தார். 1940களில் தொல்லியல் அறிஞர் சங்காலியாவுடன் குஜராத்தின் லாங்நஜ் என்னும் ஊரில் அகழாய்வில் ஈடுபட்டார். மணல்மேட்டின் அடியில், கைகால்களை மடக்கிப் படுத்த நிலையில் புதைக்கப்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு காண்டாமிருகத்தின் தோள்பட்டை எலும்பும் அவ்விடத்தில் கிடைத்தது. இன்று வறண்டிருக்கும் அந்நிலத்தில் முன்பு அவ்விலங்கு உலவியது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

எலும்புக்கூடு உடலைத் தாங்குகிறது; தசைகள் பற்றி இழுக்க இடந்தருகிறது; தன் மச்சையில் இரத்த அணுக்களை உண்டாக்குகிறது. உயிர் நீங்கிய பின்னரும் அது செய்தி தருவதை நிறுத்துவதில்லை. தொடை எலும்பின் நீளத்திலிருந்து ஒருவரின் உயரத்தைக் கணிக்கலாம். இடுப்பெலும்பு அகன்றிருந்தால் பெரும்பாலும் பெண் எனக் கொள்ளலாம். பற்களின் தேய்வு வயதை உணர்த்தும். தோலின் நிறமோ பேசிய மொழியோ எலும்பில் எழுதப்படுவதில்லை.

ஐராவதி நாடெங்கும் சுற்றிப் பலவகை மக்களின் உடலளவுகளைப் பதிவு செய்தார். உறவுமுறைகளை ஆராய்ந்து 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். தந்தையின் தமக்கையையும் மாமியாரையும் அத்தை என்று ஒரே சொல்லால் அழைக்கும் தென்னாட்டு வழக்கம் போன்றவை அதில் விரிவாக ஆராயப்பட்டன. மகாபாரத மாந்தரைப் பற்றி மராத்தியில் அவர் எழுதிய யுகாந்தா சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பெண்கள் வாகனம் ஓட்டாத அந்நாளில் புனே வீதிகளில் அவர் ஸ்கூட்டரில் சென்றதை ஊரார் வியந்து நோக்கினர்.

அவர் 1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மறைந்தார்.