கேட்காமலே ஒரு பாட்டை மாற்றினார்... அது நம்பர் ஒன் ஆச்சு!

நீங்க கஷ்டப்பட்டு ஒரு பாட்டு ரெக்கார்டு பண்றீங்க. அது ஓடலை. வெறுத்துப்போய் வெளிநாடு போயிடுறீங்க. அங்கே இருக்கும்போது, அந்தப் பாட்டில் யாரோ டிரம்ஸ் சேர்த்து திரும்ப ரிலீஸ் பண்ணிட்டாங்கன்னு தெரிய வருது. கோபம் வருமா, வராதா?

பால் சைமனுக்கு நடந்தது இதுதான். பாட்டு, 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'. கைவைத்தவர் தயாரிப்பாளர் டாம் வில்சன்.

1931-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்த கறுப்பின இளைஞர் வில்சன். ஹார்வர்டில் படித்துவிட்டு, சொந்தமாகச் சின்ன ஜாஸ் கம்பெனி தொடங்கினார். சன் ரா, செசில் டெய்லர் மாதிரி ஆட்களின் ஆரம்பகால ஆல்பங்கள் அதில்தான் வந்தன. ஃபோக் இசை மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனா விதியைப் பாருங்க... 1963-ல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்ததும் கையில் வந்தது பாப் டிலன்!

சைமன் - கார்ஃபங்கல் ஜோடி 1964-ல் பாடிய ஒரிஜினலில் இரண்டு குரல், அக்கௌஸ்டிக் இசை, அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லை. ஆல்பம் படுத்துவிட்டது, ஜோடியும் பிரிந்தது. சில மாதங்கள் கழித்து பாஸ்டன், ஃபுளோரிடா பக்கம் ரேடியோவில் காலேஜ் பசங்க இந்தப் பாட்டைக் கேட்க ஆரம்பிச்சாங்க. 1965 ஜூன். டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவான அதே நாள்களில், பழைய டேப் மேல் எலெக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் ஏற்றினார் வில்சன். சொல்ல ஈஸி. ஒரிஜினலில் தாளம் சீராக இருக்காது. பாடுறவங்க இழுத்த இழுப்புக்கெல்லாம் டிரம்மர் பின்னாடியே போகணும்!

ஃபோக்கின் வரிகள், ராக்கின் துடிப்பு. ஃபோக் ராக் என்பது இதுதான். 1966 ஜனவரியில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். பிரிந்த ஜோடி மறுபடி சேர்ந்தது. கேட்காமல் செய்தது சரியான்னு கேட்டா, எனக்கு இன்னும் உறுத்தல்தான். ஆனா அவர் கேட்டிருந்தா அந்த ஜோடியை நாம கேட்டிருப்போமாங்கிறதும் சந்தேகம்தான்.

அதற்குள் வில்சன் கொலம்பியாவை விட்டே போயிருந்தார். பிறகு ஃபிராங்க் ஸப்பா, வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்று இன்னும் விசித்திரமான ஆட்களோடு வேலை. 1978-ல் மாரடைப்பு, வயது 47தான்.

இன்னிக்கு ராத்திரி ஹெட்போன் மாட்டி, இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்க. இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் நுழையுதே... அந்த இடம்தான் டாம் வில்சன்.