ஒரே ஒரு பல்லுடன் அதிபரானவர்... தொண்டையில் ஒரு சின்ன மூடி வீங்கியதால் போன உயிர்! ஜார்ஜ் வாஷிங்டனின் கதை

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அதில் இருக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் முகத்தில் வாய் மட்டும் இறுகிப்போய், உதடு லேசாக உப்பினாற்போல இருக்கும். அது ஓவியர் செய்த தப்பு இல்லை. வாய்க்குள்ளே இருந்தது பல் செட்டு.

ஒரு நாட்டையே உருவாக்கிய மனிதரை வாழ்நாள் முழுக்கப் பாடாய்ப் படுத்தியது அவருடைய வாய். கடைசியில் உயிரை எடுத்தது தொண்டை. என்ன நடந்தது?

24 வயதில் பிடுங்கிய பல்

1732 பிப்ரவரி 22-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர் வாஷிங்டன். 11 வயதில் அப்பாவை இழந்தார். நிலம் அளக்கும் சர்வேயராக வேலையைத் தொடங்கி, பிறகு ராணுவத்துக்குப் போனார். 1756-ல், 24 வயதிலேயே ஒரு பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. பல் பொடி, பிரஷ் எல்லாம் பயன்படுத்தியவர்தான். ஆனாலும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

1775-ல் பிரிட்டனுக்கு எதிரான படைக்குத் தளபதி ஆனார். 8 வருடப் போர். அதற்கு நடுவிலும் பல் வலி விடவில்லை. 1781-ல் பல் சுத்தம் செய்யும் கருவிகள் கேட்டு பல் டாக்டருக்கு அவர் எழுதிய கடிதம், பிரிட்டிஷார் கையில் சிக்கிய கதையும் உண்டு.

1789 ஏப்ரல் 30-ல் நியூயார்க்கில் முதல் அதிபராகப் பதவியேற்றபோது, அவர் வாயில் மிச்சம் இருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று!

மரப்பல் என்பது கட்டுக்கதை

வாஷிங்டன் மரத்தால் செய்த பல் கட்டியிருந்தார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்மை அது இல்லை. நீர்யானைத் தந்தம், ஈயம், மாட்டுப் பல், மனிதப் பல், இவற்றில்தான் அந்த செட்டுகள் செய்யப்பட்டன. 1784-ல் அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. பண்ணையில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களிடமிருந்து 9 பற்கள் வாங்கப்பட்டதற்கான பதிவு அது. அந்தக் காலத்தின் கொடுமையும் அந்த ஒரு வரியில் தெரிகிறது.

மேல் செட்டையும் கீழ் செட்டையும் இணைத்தது ஸ்பிரிங். பல்லைக் கடித்து அழுத்தினால்தான் வாய் மூடும். கொஞ்சம் அசந்தால் செட்டு வெளியே தள்ளும்!

பல்லு போனா சொல்லு போச்சு என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை. 'த' சொல்ல நாக்கு நுனி மேல்பல்லைத் தொட வேண்டும். 'வ' சொல்ல மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். பல்லே ஆடிக்கொண்டிருந்தால் பேச்சு எப்படி வரும்? 1793-ல் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் பேசியது வெறும் 135 வார்த்தைகள். அமெரிக்க அதிபர்களின் பதவியேற்பு உரைகளில் இன்றுவரை இதுதான் ரொம்பச் சின்னது.

அந்த டிசம்பர் இரவு

1797-ல் பதவியை விட்டு, மவுண்ட் வெர்னான் பண்ணைக்குத் திரும்பினார். 1799 டிசம்பர் 12-ல் பனியிலும் மழையிலும் மணிக்கணக்கில் குதிரையில் பண்ணையைச் சுற்றி வந்தார். மறுநாள் தொண்டை வலி. சாயங்காலம் குரல் கம்மியது. சாதாரண சளிதான் என்று விட்டுவிட்டார்.

14-ம் தேதி விடிவதற்குள் மூச்சு விடவே முடியவில்லை. மனைவி மார்த்தா பதறிப்போனார். வெல்லப்பாகு, வினிகர், வெண்ணெய் கலந்து கொடுத்தார்கள். ஒரு மடக்குகூட இறங்கவில்லை, புரையேறித் திணறினார்.

தொண்டைக்குள் என்ன ஆனது?

தொண்டை என்பது ஒரு ஜங்ஷன். மூச்சும் சாப்பாடும் ஒரே வழியாக வந்து, அங்கேதான் பிரிகின்றன. முன்பக்கம் குரல்வளை, அதற்குக் கீழே மூச்சுக்குழாய். பின்பக்கம் உணவுக்குழாய். குரல்வளையின் வாசலில் இலை மாதிரி ஒரு சின்ன மூடி நிற்கிறது. அதன் பெயர் குரல்வளை மூடி. விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பும், மூடி மடங்கி வாசலை அடைக்கும். சாப்பாடு பின்பக்கமாக இறங்கிவிடும். அடுத்த நொடியே மூடி திறக்கும், மூச்சு ஓடும்.

இந்த மூடியில் கிருமி தொற்றி வீங்கினால்? மூச்சு போகும் வாசலே அடைபடும். வாஷிங்டனுக்கு வந்தது இதுதான் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

தேவைப்பட்டது காற்று... எடுத்தது ரத்தம்

அன்றைய வைத்தியப்படி, கெட்ட ரத்தத்தை வெளியேற்றினால் நோய் இறங்கும் என்று நம்பினார்கள். வாஷிங்டனும் அதை நம்பியவர்தான். டாக்டர்கள் வரும் முன்பே, பண்ணை மேற்பார்வையாளரை அழைத்து ரத்தம் எடுக்கச் சொன்னதே அவர்தான். பிறகு டாக்டர்களும் எடுத்தார்கள். ஒரே நாளில் 2 லிட்டருக்கும் மேல்!

வந்த மூன்று டாக்டர்களில் இளையவர் எலிஷா டிக். வயது 37. இனி ரத்தம் எடுக்க வேண்டாம், கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயைத் திறக்கலாம் என்றார். அப்போது அது மிக அரிதான ஆபரேஷன். மற்ற இருவரும் துணியவில்லை. அன்று இரவு 10 மணிக்கு மேல் வாஷிங்டன் உயிர் பிரிந்தது. வயது 67.

ரத்தம் எடுப்பதை நிறுத்தி டிக் சொன்னபடி கேட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம் என்று, அந்த இருவரில் ஒருவரான குஸ்டாவஸ் பிரவுனே சில வாரங்களில் வருந்திக் கடிதம் எழுதினார்.

இன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

இந்த நோய் இன்றும் இருக்கிறது. கடுமையான தொண்டை வலியோடு எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிகிறதா? குரல் அமுங்கிப் போகிறதா? படுக்க முடியாமல் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயைத் திறந்து ஸ்பூன் விட்டுப் பார்க்கக் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது.

குழந்தைகளுக்கு இதை அதிகம் உண்டாக்கி வந்த ஹிப் கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 6, 10, 14-வது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் அதுவும் அடக்கம். 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அரசுத் திட்டத்தில் இது தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதிபராக இருந்தவருக்கே அன்று கிடைக்காத பாதுகாப்பு, இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.